சரக்கு போன அன்றே ஒரு மெயில்

திருப்பூரில் பிரிண்டிங், எம்பிராய்டரி என ஜாப் ஒர்க் எடுத்துச் செய்யும் சிறு யூனிட்டுகளில் பேச்சுவார்த்தை பெரும்பாலும் போனிலேயே முடிந்துவிடுகிறது. "அடுத்த வாரம் போட்டு விட்டுடறேன்ணே" என்ற வாக்கு மாதக்கணக்கில் இழுக்கும்போது, கையில் காட்ட எழுத்தாக எதுவும் இருப்பதில்லை.

குறு, சிறு உற்பத்தியாளர்களுக்கும் சேவை தருவோருக்கும் 2006ஆம் ஆண்டின் எம்எஸ்எம்இ சட்டம் பலமான உரிமை தந்திருக்கிறது. எழுத்து ஒப்பந்தம் இருந்தாலும் சரக்கை ஏற்ற நாளிலிருந்து 45 நாளுக்கு மேல் கெடு வைக்க முடியாது. ஒப்பந்தம் இல்லையென்றால் 15 நாள்தான். தவறினால், ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு வட்டி, அதுவும் மாதாமாதம் கூட்டு வட்டி. ஆர்டர் எடுக்கும் முன்பே, குறு, சிறு நிறுவனமாக மத்திய அரசிடம் செய்துகொள்ளும் உத்யம் பதிவு இருப்பதுதான் பாதுகாப்பு.

பலர் கவனிக்காத இடம் ஒன்று உண்டு. சரக்கில் குறை இருந்தால், வாங்கியவர் 15 நாளுக்குள் எழுத்தில் ஆட்சேபிக்க வேண்டும். இல்லையேல் சரக்கு வந்து சேர்ந்த நாளே அதை ஏற்றுக்கொண்ட நாள். ஆகவே சரக்கு இறங்கிய அன்றே மெயில் போய்விட வேண்டும். தலைப்பிலேயே பர்ச்சேஸ் ஆர்டர் எண், இன்வாய்ஸ் எண், பணம் தர வேண்டிய தேதி. உள்ளே எத்தனை பீஸ், என்றைக்கு இறங்கியது, எவ்வளவு தொகை, உங்கள் உத்யம் எண். கையெழுத்தான டெலிவரி சலானை இணைத்துவிடுங்கள். போனில் தவணை கேட்டால், "இன்று பேசியபடி இந்தத் தேதிக்குள் இவ்வளவு தருவதாகச் சொன்னீர்கள்" என்று உடனே எழுதுங்கள். கோபம் வேண்டாம்; நாளை அதை முன்பின் தெரியாத ஒருவர் படித்துத் தீர்ப்புச் சொல்லக்கூடும்.

பிரிண்ட் எடுத்துக்கொண்டு மூல மெயிலை அழித்துவிடாதீர்கள். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாட்சிய சட்டத்தின் 63ஆம் பிரிவு, மின்னணுப் பதிவின் நகலோடு சான்றிதழும் கேட்கிறது.

நீங்கள் பணம் தர வேண்டிய இடத்திலும் மெயிலை அப்படியே நம்பிவிடாதீர்கள். "எங்கள் வங்கிக் கணக்கு மாறிவிட்டது" என்று மெயில் வந்தால், ஏற்கெனவே உங்களிடம் உள்ள எண்ணில் கூப்பிட்டுக் கேட்காமல் ஒரு ரூபாயும் அனுப்பக் கூடாது. ஏமாந்துவிட்டால் தாமதிக்காமல் சைபர் மோசடி உதவி எண் 1930க்கு அழையுங்கள்.

உங்களுக்கு வர வேண்டிய பணம் கெடு தாண்டியும் வராவிட்டால் மத்திய அரசின் இணையதளம் வழியே புகார் தரலாம். அது இத்தகைய நிலுவைத் தகராறுகளைத் தீர்க்கும் வசதியாக்க மன்றத்துக்குப் போகும். தமிழ்நாட்டில் சென்னை, கோவை, மதுரை, திருச்சியில் மன்றங்கள் உள்ளன. மன்றம் உங்கள் பக்கம் தீர்ப்பளித்தபின் அதை எதிர்த்து வாங்கியவர் நீதிமன்றம் போனால், தீர்ப்புத் தொகையில் 75 சதவீதத்தை முதலில் கட்டியாக வேண்டும்.