75 வாட்டுக்குள் ஒரு கேமிங் கம்ப்யூட்டர்

ஆவடி, அம்பத்தூர் பக்கம் கேமிங் கம்ப்யூட்டர்னு கேட்டா எல்லாரும் ரிச்சி ஸ்ட்ரீட்டைத்தான் கைகாட்டுவோம். புது பாகங்களுக்குப் பணம் பத்தாதவர்கள், அலுவலகங்கள் கழித்துவிட்ட பழைய கம்ப்யூட்டரில் தொடங்கலாம். ஒல்லி மாடல் வேண்டாம், முழு டவராகப் பாருங்கள்.

சிக்கல் பவர் சப்ளையில்தான். கிராபிக்ஸ் கார்டுக்கான தனி ஒயர் பெரும்பாலும் அதில் இருக்காது. மதர்போர்டு ஸ்லாட் தருவது அதிகபட்சம் 75 வாட். அதற்குள் ஓடும் கார்டுதான் சரிப்படும். 2019-ல் வந்த ஜிடிஎக்ஸ் 1650 அந்த ரகம். 6 பின் சாக்கெட் வைத்த மாடலை மட்டும் தவிர்த்துவிடுங்கள்.

இன்டெல் என்றால் 8-ஆம் தலைமுறைக்குக் கீழே போகாதீங்க. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபரில் முடிந்தது. பழைய பிராசஸர்களை விண்டோஸ் 11 அதிகாரபூர்வமாக ஏற்பதில்லை. அதனால்தான் அவை இவ்வளவு மலிவு.

பெரிய கார்டு ஆசையில் பெயர் தெரியாத பவர் சப்ளை மாட்டாதீங்க. அது போனால் போர்டையும் சேர்த்துக் கொண்டுபோகலாம்.