மாத்தளை வீதியில் மூட்டையும் முதுகுப்பையும்

தை பிறந்த கையோடு தம்புள்ளைச் சந்தியில் நின்றால் அவர்களைச் சோடி சோடியாகப் பார்க்கலாம். முதுகில் ஆளுக்கொரு பெரிய பை, நெஞ்சில் ஒரு சின்னப் பை, காலில் சேறு அப்பிய சப்பாத்து. ஜெர்மனி, பிரான்ஸ், நெதர்லாந்து, போலந்து என்று ஊர் வேறுபடும். வந்த காரணம் ஒன்றுதான். அங்கே இப்போது பனிக்காலம். பிற்பகல் நாலரைக்கே இருட்டிவிடும். இரண்டு மூன்று வாரத்துக்கு வெயிலைத் தேடி வந்தவர்களை மாத்தளை மாவட்டம் பல நாள் மழையோடுதான் வரவேற்கிறது. காலி, மிரிஸ்ஸப் பக்கம் வெயில் காயும் அதே மாதங்களில் வடகீழ்ப் பருவக்காற்று நக்கிள்ஸ் மலையின் கிழக்குச் சரிவில் கொட்டித் தீர்க்கும். ரிவர்ஸ்டன் உச்சியில் காற்று ஆளைத் தள்ளும். பிட்டவல பத்தனைப் புல்வெளி மூடுபனிக்குள் காணாமல் போகும். அட்டைக்கு என்ன செய்வது என்று கேட்கும் வெள்ளைக்காரச் சோடிக்கு ஓட்டோக்காரர் காலில் சவர்க்காரம் தேய்க்கச் சொல்லிக் கொடுப்பார்.

சீகிரியாக் குன்றில் ஏற வெளிநாட்டவருக்கு இன்று 30 டாலருக்கு மேல் கட்டணம். முணுமுணுத்துக்கொண்டேனும் ஏறிவிடுகிறார்கள். 2024இல்தான் தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளம் 1,350 ரூபாயானது. ஒருவரின் நுழைவுச்சீட்டு கிட்டத்தட்ட ஒரு தொழிலாளியின் ஒரு வாரச் சம்பளம். வந்தவர்களைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. அவர்களும் மலிவான அறை தேடி, பஸ்ஸில் நின்றுகொண்டு, கொத்துரொட்டியில் இராச்சாப்பாட்டை முடிப்பவர்கள்தாம். சீகிரியா முடிந்ததும் தம்புள்ளைக் குகைக் கோயில், பிறகு கண்டி பஸ். நாவுல, நாலந்தா, அலுவிகாரை, மாத்தளை என்று A9 வீதி தெற்கே ஏறும். மாத்தளையில் வீதியோரமாகவே நிற்கும் முத்துமாரியம்மன் கோபுரத்தை ஜன்னல் வழியாகப் படமெடுத்துக்கொள்வார்கள். இறங்குபவர்கள் குறைவு.

பஸ் இரண்டு மணித்தியாலம் சொச்சத்தில் கடக்கும் இந்த வீதியில், முதுகிலும் தலையிலும் சுமையோடு அவர்களுக்கு முன்னே நடந்த கூட்டம் ஒன்று உண்டு. எண்ணிக்கையில் அது மிகப் பெரியது.

1830களில் கண்டி மலைகளில் கோப்பித் தோட்டங்கள் பரவத் தொடங்கின. பழம் பறிக்க ஆள் வேண்டும். மதுரை, இராமநாதபுரம், திருச்சி, தஞ்சாவூர், புதுக்கோட்டைப் பக்கங்களிலிருந்து கங்காணிமார் ஆள் கட்டினார்கள். பாக்கு நீரிணையைத் தோணியில் கடந்து மன்னார்க் கரையில் இறங்க வேண்டும். அங்கிருந்து மதவாச்சி, மிகிந்தலை, தம்புள்ளை, நாலந்தா வழியாக மாத்தளை வரை ஏறத்தாழ 150 மைல் நடை. வடக்கு வீதி என்று ஆவணங்களில் பெயர் பெற்ற இந்த வழிதான் கண்டிச் சீமைக்கு நுழைவாசல். மாத்தளை அதன் முடிவிடம். அங்கிருந்துதான் தோட்டம் தோட்டமாகப் பிரிந்து போனார்கள்.

கோப்பி அறுவடை ஆவணிக்குப் பிறகு சூடுபிடிக்கும். அதற்கு வந்து சேர வேண்டுமென்றால் வரண்ட மாதங்களில் நடக்க வேண்டும். குளங்கள் வற்றிக் கிடக்கும். தண்ணீர் கண்ட இடத்தில் குடித்தால் வாந்திபேதி. காட்டில் யானை, கரடி, சிறுத்தை. நோயில் விழுந்தவர்களை வீதியோரத்தில் விட்டுவிட்டுக் கூட்டம் நகர்ந்ததைப் பல பதிவுகள் சொல்கின்றன. வாந்திபேதிக்குப் பயந்த வழிக்கிராமத்தார் கிட்டே சேர்க்கவில்லை. அவர்களைக் குற்றம் சொல்லவும் முடியாது, நோய் அந்த வீதி வழியாகத்தான் அவர்கள் வீட்டுக்கும் வந்தது. 1841 முதல் 1848 வரையிலான காலத்தில் மட்டும் 70,000 பேர் மாண்டிருப்பார்கள் என்று 1849இல் கொழும்பு ஒப்சேவர் பத்திரிகை எழுதியது. அந்த எண்ணிக்கையைப் பற்றி வரலாற்றாசிரியர்களிடையே இன்றும் வாதம் உண்டு. பாதி என்று வைத்துக்கொண்டாலும் 240 கிலோமீற்றர் வீதிக்கு அது எவ்வளவு பெரிய கணக்கு! பின்னாளில் அரசாங்கம் வழியில் கொட்டகை கட்டியது, கிணறு தோண்டியது, வைத்தியசாலையும் வைத்தது. ஆள் செத்தால் தோட்டத்துக்கு நட்டம் என்ற கணக்கும் அதில் இருந்தது.

அந்த நடையில் சோடிகள் குறைவு. கோப்பிக் காலத்தில் வந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் ஆண்கள். பறிப்பு முடிந்ததும் பலர் கையில் மிஞ்சியதைக் கட்டிக்கொண்டு அதே வழியில் ஊருக்குத் திரும்பினார்கள். 1869இல் இலைத்துரு நோய் கோப்பியில் கண்டது. அடுத்த இருபது ஆண்டுக்குள் தோட்டங்கள் தேயிலைக்கு மாறின. கோப்பி போலத் தேயிலை ஒரு பருவத்தோடு நிற்காது. ஆண்டு முழுவதும் கொழுந்து எடுக்க வேண்டும், அதற்குப் பெண்கள் வேண்டும். இடையே 1876 முதல் 1878 வரை தமிழ்நாட்டைப் பஞ்சம் உலுக்கியது. புருஷனும் பெண்சாதியும் பிள்ளைகளுமாகப் புறப்பட்டது அப்போதுதான் பெருகிற்று. திரும்பிப் போகும் பேச்சும் அத்தோடு குறைந்தது.

மாத்தளை முத்துமாரியம்மன் இந்தப் பாதையின் அம்மன். நடந்து வந்து உயிரோடு சேர்ந்தவர்கள் முதலில் கும்பிட்ட இடம். மரத்தடியில் தொடங்கிய வழிபாடு கோயிலானது 1874இல் என்று சொல்கிறார்கள். 1880இல் கண்டியிலிருந்து மாத்தளைக்கு ரயில் வந்தது. காட்டைக் கடந்தவர்கள் மாத்தளையில் ரயிலேறித் தெற்கே போகலாம் என்றாயிற்று. பிளேக் நோய்ப் பயத்தில் நூற்றாண்டின் கடைசியில் வடக்கு வீதி மூடப்பட்டது. ஆட்களைத் தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்குக் கப்பலில் கொண்டு வந்தார்கள். எந்தத் தோட்டத்துக்குரிய ஆள் என்று காட்டும் இலக்கம் பொறித்த தகரத் துண்டு கழுத்தில் தொங்கியது. இந்த நாட்டுக்கு வந்தவர்களின் முதல் கடவுச்சீட்டு என்று அதைத்தான் சொல்ல வேண்டும். 1914இல் தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் இடையே நீராவிக் கப்பல் ஓடத் தொடங்கியது. அதன்பின் வடக்கு வீதியைக் கேட்பாரில்லை.

முதுகுப்பைக்காரர்களின் முதல் தலைமுறை வந்து சேர்ந்ததும் அதே நீரிணை வழியாகத்தான். 1960களின் கடைசியிலும் 1970களிலும் இலண்டனிலிருந்தும் ஆம்ஸ்டர்டாமிலிருந்தும் தரைவழியாக இஸ்தான்புல், தெஹ்ரான், காபூல் தாண்டி இந்தியாவுக்கு வந்த இளைஞர்களை ஹிப்பிகள் என்றார்கள். 1972இல் டோனி வீலரும் மனைவி மொரீனும் இலண்டனிலிருந்து ஆசியாவைக் கடந்து அவுஸ்திரேலியா போனதும் அந்தக் காலத்தில்தான். மறு ஆண்டே அவர்கள் போட்ட சிறு கையேட்டிலிருந்து லோன்லி பிளானட் நிறுவனம் பிறந்தது. ஹிப்பிகளில் ஒரு பகுதியினர் இராமேஸ்வரத்தில் ‘இராமானுஜம்’ கப்பலேறித் தலைமன்னாரில் இறங்கி, சுருட்டுப் பையோடு தெற்கே வந்தார்கள்.

தலைமன்னார்த் துறையில் அந்தக் கப்பல் திரும்பிப் போகும்போது யார் ஏறினார்கள் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். 1948 குடியுரிமைச் சட்டம் தோட்டத் தமிழரை நாடற்றவராக்கியது. 1964 ஒக்டோபரில் இரு நாட்டுப் பிரதமர்கள் சிறிமாவும் சாஸ்திரியும் ஒப்பந்தம் செய்தார்கள்: 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மிச்சம் 1,50,000 பேரைப் பிறகு பார்க்கலாம். அவர்களையும் 1974இல் பாதி பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். மலைநாட்டு ஸ்டேஷன்களிலிருந்து தலைமன்னாருக்குப் புறப்பட்ட ரயிலை மக்கள் ‘ஒப்பாரிக் கோச்சி’ என்றார்கள். டிரங்குப் பெட்டி, பானை சட்டி, தையல் மெஷின், பிறந்ததிலிருந்து கண்டிராத ஒரு ‘சொந்த ஊர்’. துறையில் இறங்கும் ஹிப்பிச் சோடியும் ஏறும் தோட்டத்துச் சோடியும் ஒருவரையொருவர் பார்த்திருப்பார்கள். என்ன நினைத்தார்களோ!

1983 ஜூலை எல்லாவற்றையும் மாற்றியது. மாத்தளை நகரிலும் தமிழர் கடைகள் எரிந்தன, அம்மன் கோயிலும் எரிந்தது. கோயிலைத் திரும்பக் கட்டி எழுப்பினார்கள். இன்று வடக்குக் கோபுரம் 108 அடி. 1984இல் தலைமன்னார்க் கப்பல் சேவை நின்றது. வெள்ளைக்காரர்கள் இங்கே வருவது குறைந்து, நம்மவர்கள் அங்கே போவது தொடங்கிற்று. 1980களின் நடுப்பகுதியில் தமிழர் பலர் விமானத்தில் கிழக்கு பெர்லினில் இறங்கி, பிரெட்ரிஷ்ஸ்ட்ராசே நிலையத்தில் நகர ரயிலேறி மேற்கு பெர்லினில் அகதித் தஞ்சம் கேட்டார்கள். அந்த வழி அடைபட்டதும் மொஸ்கோ, உக்ரேன், போலந்து என்று காடுகளும் பனியும். நாலைந்து ஐரோப்பிய நாடுகளைப் பனிக்காலத்தில் ஒரு பையோடு கடந்த அனுபவம் தமிழருக்கு இப்படித்தான் வாய்த்தது. அதை யாரும் சுற்றுலா என்று சொல்லவில்லை.

இன்று மாத்தளைப் பக்கத்துப் பிள்ளைகள் வேலைக்கு ருமேனியா போகிறார்கள். பனியில் நின்று எடுத்த படம் வீட்டுக்கு வருகிறது. ஆனால் கலியாணமான கையோடு ஒரு சோடி, வேலைக்கல்ல, சும்மா ஊர் பார்க்க, டிசம்பரில் பாரிசில் தொடங்கி சூரிச், வியன்னா, பிராக் என்று போக ஆசைப்பட்டால்? ஷெங்கன் விசா ஒன்று கிடைத்துவிட்டால் 29 நாடுகள் திறக்கும். அது கிடைக்க ஆளுக்கு 90 யூரோ கட்டணம், குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்புறுதி, வங்கிக் கூற்று, தங்குமிடப் பதிவு, வேலையிடத்துக் கடிதம், கைரேகை. திரும்பி வருவோம் என்பதற்குச் சாட்சி வேறு. இந்தப் பக்கம் வருபவர்களோ இணையத்தில் விண்ணப்பித்து 30 நாள் அனுமதியோடு வந்து இறங்குகிறார்கள். தோட்டப்புறத்துப் பெரியவர்களில் பலருக்குக் கடவுச்சீட்டு எடுக்கும் தகுதியே 1988, 2003 சட்டங்களுக்குப் பிறகுதான் வந்தது என்பதைக் கணக்கில் வைத்தால், அவர்கள் பேரப்பிள்ளைகள் விசாப் படிவம் நிரப்பும் அளவுக்கு வந்திருப்பதே பெரிய தூரம்தான்.

2018 ஒக்டோபரில் லோன்லி பிளானட் அடுத்த ஆண்டில் பார்க்க வேண்டிய நாடுகளில் இலங்கையை முதலிடத்தில் வைத்தது. அந்த 2019 ஏப்ரலில் உயிர்த்த ஞாயிறுக் குண்டுகள், பிறகு கொரோனா, பிறகு 2022இல் பெற்றோல் வரிசை. எல்லாம் தாண்டி 2024இல் வெளிநாட்டவர் வருகை மீண்டும் 20 இலட்சத்தைக் கடந்தது.

இதற்கிடையில் ஒரு நடை நடந்தது. மலையகத் தமிழர் வந்து இருநூறு ஆண்டானதைக் குறிக்கும் ‘மலையகம் 200’ஐ முன்னிட்டு, ‘மாண்புமிகு மலையக மக்கள்’ என்ற கூட்டிணைவு 2023 ஜூலை 28இல் தலைமன்னாரிலிருந்து புறப்பட்டு ஓகஸ்ட் 12இல் மாத்தளையை அடைந்தது. ஏறத்தாழ 250 கிலோமீற்றர். முன்னோர் நடந்த அதே வரண்ட மாதத்தைத்தான் அவர்களும் எடுத்துக்கொண்டார்கள். வழியில் இம்முறை தண்ணீர் கொடுத்தார்கள், சாப்பாடு போட்டார்கள், சிங்களக் கிராமத்தாரும் முஸ்லிம்களும் சேர்ந்து நடந்தார்கள். வடக்கு வீதி அன்று பெற்றிராத உபசாரம்.

கண்டி ஹந்தானையிலிருந்து நுவரெலியா வரை தேயிலை மலைகளூடாக ‘பெக்கோ டிரெயில்’ என்ற நடைபாதை இப்போது இருக்கிறது. 22 கட்டங்கள், 300 கிலோமீற்றருக்கு மேல். ஐரோப்பிய ஒன்றியமும் அமெரிக்காவும் பணம் கொடுத்து உதவின. தேயிலை வாசத்தோடு நடக்க நல்ல பாதை. மாத்தளை அதில் இல்லை, வடக்கு வீதியும் இல்லை. தேயிலைக்கு ஆள் வந்த வழியை விட்டுவிட்டுத் தேயிலைக்குள் மட்டும் நடப்பது அரைக்கதை என்பது என் எண்ணம்.

பனிக்குத் தப்பி வரும் சோடிகளுக்கு இந்த வழி உண்மையில் பொருந்தும். மாரிமழை ஓய்ந்த மாசியில் வடக்கே குளங்கள் நிறைந்திருக்கும், மன்னார் உவர்க்கரையில் பூநாரைகள் நிற்கும், வெயில் இன்னும் ஏறியிருக்காது. தலைமன்னாரிலிருந்து பதினைந்து பதினாறு நாளில் மெதுவாக நடந்தால், நாள் பார்த்துப் புறப்பட்டவர்கள் மாசி மகத்துக்கு மாத்தளை வந்து சேரலாம். அன்று முத்துமாரியம்மனின் ஐந்து தேரும் வீதியில் இருக்கும். நாலந்தாவுக்குத் தெற்கே மட்டும் வாகனம் அதிகம், நடக்க ஓரமும் இல்லை. அந்த 25 கிலோமீற்றரை பஸ்ஸில் வருவது புத்தி. தேரன்று மாத்தளையில் அறை கிடைப்பது கஷ்டம், முன்கூட்டியே சொல்லி வைக்க வேண்டும்.