இதைப் படிச்சுப் பாரு

கோவில்பட்டிக்குப் பக்கத்தில் இடைசெவல். கரிசல் காட்டின் நடுவே சிறிய ஊர். எழுத்தாளர்கள் கு. அழகிரிசாமியும் கி. ராஜநாராயணனும் அந்த ஊர்க்காரர்கள். ஒத்த வயது, இளமையிலேயே நட்பு. வாசிப்பும் இசையும் இருவருக்கும் பொதுச் சொத்து. அழகிரிசாமி வெளியூர் போன பிறகு நட்பு கடிதங்களில் வளர்ந்தது, அவர் கி.ரா.வுக்கு எழுதியவை பின்னர் நூலாகவே வந்தன. இருவருமே சாகித்திய அகாதெமி விருது பெற்றார்கள்: அழகிரிசாமிக்கு 1970, கி.ரா.வுக்கு 1991.

இப்படி ஒருவர் ரசனையை ஒருவர் அறிந்த நட்பு வகுப்பறைகளிலும் உண்டு. அங்கே ஒரு பிள்ளை, "இதைப் படிச்சுப் பாரு" என்று தோழியிடம் புத்தகத்தை நீட்டும்போது நடப்பது ஒரு நுட்பமான ஊகம். 1990-களில் இதைக் கணினிக்குப் பழக்கினார்கள். வழி எளிது: உங்களுக்குப் பிடித்தவை எவருக்கெல்லாம் பிடித்திருக்கின்றன என்று பார், அவர்கள் ரசித்து, நீங்கள் இன்னும் தொடாத புத்தகத்தை எடுத்துக் கொடு. புத்தகத்துக்குள் என்ன இருக்கிறது என்று கணினிக்குத் தெரியவே வேண்டாம்! எனக்கு இன்றும் தீராத வியப்பு இது.

ஒரு பள்ளியில் 100 மாணவர்கள், நூலகத்தில் 1,000 புத்தகங்கள் என்று வையுங்கள். கட்டம் போட்டால் 1,00,000 கட்டங்கள். ஆளுக்கு 20 புத்தகம் படித்திருந்தால் நிரம்புவது 2,000 மட்டுமே. மிச்சம் 98 சதவீதம் வெற்றிடம். அதை ஊகித்து நிரப்புவதுதான் வேலை. சினிமாவுக்காக இந்த ஊகத்தை 10 சதவீதம் கூர்மையாக்குபவருக்கு நெட்ஃபிளிக்ஸ் நிறுவனம் 2006-இல் 10 லட்சம் டாலர் பரிசு அறிவித்தது. அந்த இலக்கைத் தொட மூன்று ஆண்டுகள் பிடித்தன.

ஆனால் யாருமே படிக்காத புதுப் புத்தகத்தின் முன்னால் இந்த முறை ஊமை. அதைத் துணிந்து படிக்க ஒரு முதல் வாசகர் வேண்டும். "இவளுக்குப் பாட்டி கதை என்றால் உயிர், இந்த நாட்டார் கதைத் தொகுப்பு பிடிக்கும்" என்று எந்தக் கட்டமும் இல்லாமல் கண்டுபிடிக்கிற தோழி அவள்.

கூட்டத்தைப் பார்த்துத் தேர்வதில் இன்னொரு சிக்கல். 2006-இல் வெளியான ஓர் ஆய்வில், 14,000-க்கும் மேற்பட்டோரைப் பல குழுக்களாகப் பிரித்து, அறிமுகமில்லாத பாடல்களைக் கேட்க வைத்தார்கள். எத்தனை பேர் எதைத் தரவிறக்கினார்கள் என்ற எண்ணிக்கை தெரிந்த குழுக்களில், முந்திய பாட்டு இன்னும் முந்தியது. எது முந்தும் என்பதோ குழுவுக்குக் குழு மாறியது.

அதனால் ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். பிடித்த புத்தகத்தைப் பிள்ளைகள் எழுந்து சொல்வதற்கு முன், ஒவ்வொருவரும் தனித்தனிச் சீட்டில் எழுதட்டும். பக்கத்திலேயே, அதை யாருக்குக் கொடுக்க ஆசை, ஏன் என்றும் ஒரு வரி.