சொல் திருந்தக் கவி திருந்தும்

செய்யுளை ஒருமுறை எழுதியதோடு தொழில் முடிந்ததென மாணாக்கர் பலர் எண்ணுகின்றனர். எழுதிய சொல்லை நீக்கிப் பிறிதொன்றை வைத்து நோக்கும்போதே பாட்டு வலிவு பெறுகின்றது.

என் வகுப்பு மாணாக்கன் ஒருவன், தன் பாட்டியாரை இழந்த துயரில் வெண்பா ஒன்று யாத்து, ஈற்றடியை "மண்ணில் விழுந்த மலர்" என முடித்திருந்தான். தளையிற் பிழையில்லை, ஆயினும் அவன் துயர் அவ்வடியிற் புலப்படவில்லை. உதிர்ந்த பூவுக்குத் தமிழில் 'வீ' என்றே பெயருண்டு என்றேன். உடனே 'மலர்' என்பதை அழித்து 'வீ' என எழுதினான். 'விழுந்த' என்னும் புளிமாவின் முன் நேரசை வர, வெண்டளை கெட்டது. அன்றியும், வீ எனின் விழுந்ததே. 'விழுந்த' என்றல் மிகைபடக் கூறலாகும். நன்னூலார் விலக்கிய பத்துக் குற்றங்களுள் அதுவும் ஒன்று.

இப்போது ஒரு சீருக்குரிய இடம் வெறிதாயிற்று. "பாட்டியாரைப் பற்றி இன்னும் நீ சொல்லாதது யாது?" என வினவினேன். நெடுநேரம் வாளாவிருந்தவன், "மண்ணில் மணந்தது வீ" என எழுதினான். விளமுன் நேர் வந்து தளையும் சீராயிற்று. இழப்பை மட்டும் கூறிய அடி, இழப்பின் பின்னும் எஞ்சும் அன்பைக் கூறிற்று.

ஆதலின் மாணவர்காள்! எழுதியதை அழிக்க அஞ்சாதீர். நீர் கூற நினைத்தது அழித்த இடத்திலேயே தோன்றுதலும் உண்டு.