ஊசி காத்திருக்கிறது: ஃப்ளூ காய்ச்சலும் செல்போன் செய்தியும்

ஃப்ளூ தடுப்பூசியை ஒருமுறை போட்டால் ஆயுளுக்கும் போதாது. இன்ஃப்ளுயன்சா வைரஸ் தன் மேற்பரப்புப் புரதங்களை ஓயாமல் மாற்றிக்கொள்கிறது. அதனால் அடுத்த பருவத்துக்கான ஊசியில் எந்தெந்த வகைகள் இடம்பெற வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் ஆண்டுக்கு இருமுறை, பிப்ரவரியிலும் செப்டம்பரிலும், பரிந்துரைக்கிறது. ஊசி போட்டபின் எதிர்ப்பாற்றல் உருவாக சுமார் 2 வாரம் ஆகும். ஆக, இது வருடம் தவறாமல், காய்ச்சல் பரவுவதற்கு முன்பே போட வேண்டிய ஊசி. குழந்தைக்கு என்றால் தடுப்பூசி அட்டை உண்டு, தேதி சொல்லி அழைக்க நர்ஸம்மா உண்டு. அறுபது வயது சர்க்கரை நோயாளிக்கு அப்படி எதுவும் இல்லை. அந்த நினைவூட்டும் வேலையைச் சட்டைப்பையில் இருக்கும் செல்போன் செய்யுமா என்பதைப் பல நாடுகளில் ஆய்வாளர்கள் முறையாகச் சோதித்திருக்கிறார்கள்.

அமெரிக்காவில் 2020-ஆம் ஆண்டு இலையுதிர் காலத்தில், மருத்துவரைப் பார்க்க ஏற்கெனவே நாள் குறித்திருந்த 47,306 பேரைக் கொண்டு ஒரு பெரும் சோதனை நடந்தது. 19 வகைச் செய்திகள் எழுதப்பட்டன. சிலருக்கு வேடிக்கைத் துணுக்கு போனது, சிலருக்கு அறிவுரை போனது, சிலருக்குச் செய்தியே போகவில்லை. செய்தி பெற்றவர்களிடையே ஊசி போட்டுக்கொள்வது சராசரியாக 5 சதவீதம் கூடியது. முதலிடம் பிடித்தது சாதாரணமான ஒரு வாசகம்: உங்களுக்காக ஒரு ஊசி எடுத்து வைக்கப்பட்டிருக்கிறது. அது மட்டும் சுமார் 11 சதவீத உயர்வைத் தந்தது. பிறகு வால்மார்ட் மருந்தகங்களில் 6,80,000-க்கும் மேற்பட்டவர்களிடம் 22 வகைச் செய்திகளைச் சோதித்தபோதும் கிட்டத்தட்ட அதே வாசகம்தான் வென்றது. ‘உங்களுக்காக ஊசி காத்திருக்கிறது’ என்ற செய்தி மூன்று நாள் இடைவெளியில் இருமுறை அனுப்பப்பட்டது. அதுதான் வெல்லும் என்று நிபுணர்களும் கணிக்கவில்லை, பொதுமக்களும் கணிக்கவில்லை.

காரணத்தை ஊகிப்பது கடினமல்ல. ‘போட்டுக்கொள்ளுங்கள்’ என்பது அறிவுரை. அதைக் கேட்டவர் யோசிக்க வேண்டும், எங்கே கிடைக்கும் என்று தேட வேண்டும். ‘எடுத்து வைத்திருக்கிறோம்’ என்பதோ ஏறக்குறைய பாதி முடிந்துவிட்ட காரியம். தனக்கென்று ஒதுக்கியதை வேண்டாம் என்று விட மனம் எளிதில் ஒப்பாது.

இந்த உயர்வுகளைப் பெரிதாக்கிப் பேசக் கூடாது. நியூயார்க்கில் வருமானம் குறைந்த குடும்பங்களின் குழந்தைகள் 9,213 பேரிடம் 2010-11 பருவத்தில் நடந்த ஆய்வில், பெற்றோருக்குச் செய்தி போன பிரிவில் 43.6 சதவீதக் குழந்தைகளும் போகாத பிரிவில் 39.9 சதவீதக் குழந்தைகளும் ஊசி போட்டிருந்தனர். டென்மார்க்கில் 65 வயதைக் கடந்த 9,64,870 பேருக்கு அரசின் மின்னஞ்சல் பெட்டி வழியாகக் கடிதங்கள் போயின. இதயத்துக்கும் இந்த ஊசி நல்லது என்று சொன்ன கடிதம் ஏறக்குறைய ஒரு சதவீதப் புள்ளிதான் கூட்டியது. ஆனால் ஒரு செய்தியின் செலவு சில காசுகள். லட்சம் பேரில் ஒரு சதவீதம் என்றால் ஆயிரம் பேர். அந்த ஆயிரத்தில் ஆஸ்துமாக்காரரும் இருப்பார், கர்ப்பிணியும் இருப்பார்.

இந்திய அனுபவம் இன்னொன்றையும் கற்றுத்தருகிறது. தென்னிந்தியாவில் எச்ஐவி சிகிச்சை பெற்ற 631 பேரிடம், மருந்தை நினைவூட்டும் வாராந்திர அழைப்புகளும் படச் செய்திகளும் இரண்டு ஆண்டுகள் சோதிக்கப்பட்டன. சிகிச்சையின் பலனில் குறிப்பிடத்தக்க மாற்றம் ஏதும் தெரியவில்லை. ஹரியானாவில் பொருளியலாளர்கள் அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்லோ குழுவினர் குழந்தைத் தடுப்பூசிகளுக்காக நடத்திய ஆய்வு வேறு வழியில் போனது. யாரிடம் சேதி சொன்னால் ஊர் முழுக்கப் பரவும் என்று அந்தந்த ஊர்க்காரர்களிடமே கேட்டு, அந்த ஆட்களைத் தூதராக்கினார்கள். தூதர், குறுஞ்செய்தி, தவணைதோறும் கூடிவரும் செல்போன் ரீசார்ஜ் ஆகிய மூன்றும் சேர்ந்த இடங்களில் தடுப்பூசிகள் 44 சதவீதம் கூடின. செலவுக்கேற்ற பலன் என்று பார்த்தால் ரீசார்ஜ் இல்லாமல், தூதரும் செய்தியும் மட்டும் சேர்ந்த வழி முந்தியது. டீக்கடையில் நாலு பேர் அதைப் பற்றிப் பேசினால்தான் செல்போனில் வந்த சேதிக்கு உயிர் வருகிறது.

தேனி மாவட்டத்தில், போடி மேற்கு மலை அடிவாரத்துப் பொட்டிப்புரம் போன்ற ஊருக்கு இது அப்படியே பொருந்தும். அங்கே அமையவிருந்த நியூட்ரினோ ஆய்வகத் திட்டத்தைப் பற்றிய ஐயங்களும் எதிர்ப்பும் ஆண்டுக்கணக்கில் நீடித்த ஊர் அது. அறிவியலின் பேரால் வரும் எந்தச் சேதியும் அங்கே யார் வாயால் வருகிறது என்பது முக்கியம். அரசுச் செய்திகளை இனம்காண அனுப்புநர் பெயரின் கடைசியில் ‘ஜி’ என்ற எழுத்து சேர்க்கும் முறை 2025-இல் வந்திருக்கிறது. ஆனால் லிங்க்கைத் தொட்டால் பணம் போய்விடும் என்று பயந்துபோன மனிதருக்கு, நர்ஸம்மா ‘நான்தான் அனுப்பச் சொன்னேன்’ என்று சொல்வதைவிட வலுவான அடையாளம் கிடையாது.

காலமும் நேரமும்கூட இங்கே தனிக் கணக்கு. சென்னை, வேலூரில் ஃப்ளூ வடகிழக்குப் பருவமழையை ஒட்டி உச்சம் பெறுகிறது. நாட்டின் பல பகுதிகளில் தென்மேற்குப் பருவமழையோடு. கம்பம் பள்ளத்தாக்கு இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது. விடியும் முன்பே ஜீப்பில் நெருக்கியடித்து ஏறி, கம்பம்மெட்டு, குமுளி, போடிமெட்டு வழியாக இடுக்கியின் ஏலத்தோட்டங்களுக்குப் போய், இருட்டும் நேரத்தில் திரும்புகிறவர்கள் ஏராளம். இருமல் பரவ அந்த ஜீப்பைவிட வசதியான இடம் வேண்டாம். அவர்களுக்குக் காலை 11 மணிக்குச் செய்தி அனுப்பினால் அது மலையில் சிக்னல் இல்லாமல் தொலையும். ஊசிக்காக ஒருநாள் கூலியை விடச் சொல்வதும் நியாயமில்லை. மழைக்கு முன்பு, ஏப்ரல் மே மாதங்களில், ராத்திரிச் சாப்பாட்டு நேரத்துச் செய்தியும் ஞாயிற்றுக்கிழமை முகாமும்தான் அங்கே சரிவரும்.

யாருக்கு அனுப்புவது என்பதில் தமிழ்நாட்டுக்குச் சிக்கல் குறைவு. கர்ப்பிணிகளின் விவரம் ‘பிக்மி’ என்ற அரசுப் பதிவில் இருக்கிறது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் சர்க்கரை, ரத்தக்கொதிப்பு நோயாளிகளின் வாசலுக்கே போகிறது. ஃப்ளூ ஊசி யாருக்கு முதலில் தேவையோ அவர்கள்தான் இந்தப் பட்டியல்களில் இருக்கிறார்கள். குறை வேறு இடத்தில் இருக்கிறது. தேசியத் தடுப்பூசி அட்டவணையில் ஃப்ளூ ஊசி இல்லை. பெரும்பாலானோர் தனியார் மருத்துவமனையில் காசு கொடுத்துத்தான் போட்டுக்கொள்ள வேண்டும். ‘காத்திருக்கிறது’ என்று சொல்லி வரவழைத்துவிட்டு, இல்லை என்று திருப்பியனுப்பினால் அடுத்த செய்தியை யாரும் நம்பமாட்டார்கள். குளிர்பெட்டியில் ஊசி வந்து சேர்ந்த பிறகே செய்தி புறப்பட வேண்டும்.

எழுதுவதிலும் ஒரு நெருக்கடி உண்டு. ஒரு குறுஞ்செய்தியில் ஆங்கிலம் 160 குறிகள் கொள்ளும். தமிழ் 70 மட்டுமே. புள்ளியும் கொம்பும் காலும் தனித்தனியாகக் கணக்காவதால், ஐந்தெழுத்துள்ள ‘தடுப்பூசி’ ஒன்பது குறிகளைத் தின்றுவிடும். எழுபதைத் தாண்டினால் இரண்டு செய்திக்கான கட்டணம். எனவே அறிவுரைக்கோ வாழ்த்துக்கோ இடமில்லை. ‘உங்களுக்கான ஃப்ளூ தடுப்பூசி தயாராக உள்ளது. பொட்டிப்புரம், ஞாயிறு 9 மணி’ என்று எழுதி, இடைவெளியும் சேர்த்து எண்ணினால் சரியாக 70.