முளையடித்துக் கிடக்கும் நாள்

இங்கிலாந்தின் நடுப்பகுதியில் குறுக்கும் நெடுக்குமாக ஓடும் பழைய கால்வாய்களில் மிதக்கும் 'நாரோபோட்' என்ற ஒடுங்கிய படகு ஏழடிக்கும் சற்றுக் குறைவான அகலமே உடையது. நீளமோ எழுபது அடி வரை போகும். இந்த விசித்திரமான உருவத்தைத் தீர்மானித்தவர்கள் படகு கட்டியவர்கள் அல்லர், கால்வாய் வெட்டியவர்களே. ஜேம்ஸ் பிரிண்ட்லி என்ற பொறியாளர் 18ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் வகுத்த கால்வாய்கள் பலவற்றில், படகை ஒரு நீர்மட்டத்திலிருந்து இன்னொரு மட்டத்துக்கு ஏற்றியிறக்கும் 'லாக்' எனப்படும் கதவிட்ட தொட்டிகள் ஏழடி அகலத்தில் அமைந்தன. நிலக்கரி சுமந்த படகுகள் அந்தத் தொட்டிக்குள் நுழையுமாறு தம் உடலை ஒடுக்கிக்கொண்டன. இன்று அதே அளவில் எஃகால் கட்டப்படும் படகுகளில் ஆயிரக்கணக்கானோர் ஆண்டு முழுவதும் குடியிருக்கின்றனர். அவர்களுள் பலருக்கு உவப்பானது பயணம் அன்று. எங்கும் போகாமல் கரையோரம் கட்டிக்கிடக்கும் நாளே.

பழைய படகோட்டிக்கு அத்தகைய நாள் பட்டினியின் மறுபெயராக இருந்தது. அவருக்குக் கூலி நடைக்கணக்கில் கிடைத்ததால், கால்வாய் உறைந்து படகு நின்றால் வருமானமும் நின்றது. 19ஆம் நூற்றாண்டில் இரயில் பாதைகளின் போட்டியால் சரக்குக் கட்டணம் சரிந்தபோது, பலர் கரையிலிருந்த வீட்டை விட்டு மனைவி மக்களையும் படகிலேற்றினர். வாடகை மிஞ்சியது, கூலியில்லா ஆட்களும் கிடைத்தனர். சரக்குக்கு இடம் விட்டது போக எஞ்சிய, சுமார் பத்தடி நீளமுள்ள பின்னறையில் அடுப்பு, மடக்கினால் அலமாரியாகவும் விரித்தால் மேசையாகவும் மாறும் பலகை, இரவில் மட்டும் விரியும் கட்டில் ஆகியவற்றோடு முழுக் குடும்பமும் வாழ்ந்தது. ஜார்ஜ் ஸ்மித் என்பவரின் கிளர்ச்சிக்குப் பின் 1877இல் வந்த சட்டமே படகுகளைப் பதிவு செய்யவும் அவற்றில் தங்குவோர் தொகையை வரையறுக்கவும் வழிசெய்தது. ரோஜாக்களும் கோட்டைகளும் தீட்டிய அந்நாளைய தண்ணீர்க் குவளைகள் இன்று அழகுப் பொருள்களாக விலை போகின்றன. அவற்றில் நீர் சுமந்த சிறுமிகளுக்கு அது வேடிக்கையாக இருந்திருக்கும்.

நிற்பதை இன்பமாக்கியவர்கள் வேறு வகையினர். எல்.டி.சி. ரோல்ட் என்ற பொறியாளர் 'கிரெஸ்ஸி' என்ற பழைய படகை வீடாக்கி, ஆக்ஸ்ஃபோர்டு கால்வாயிலுள்ள பான்பரியிலிருந்து 1939இல் புறப்பட்டார். அந்த வாழ்க்கையைப் பற்றி 1944இல் வெளிவந்த அவரது நூல் தூண்டிய ஆர்வத்தால் உள்நாட்டு நீர்வழிச் சங்கம் 1946இல் உருவாயிற்று. 1962-63 குளிர்காலத்தின் நெடிய உறைபனி, ஏற்கெனவே தேய்ந்துகொண்டிருந்த சரக்குப் போக்குவரத்தை ஏறக்குறைய முடித்துவைத்தது; கால்வாய்கள் மெல்ல உல்லாசத்துக்கும் குடியிருப்புக்கும் உரியவையாயின.

நிற்பதற்கும் வரம்பு உண்டு. 1995ஆம் ஆண்டுச் சட்டப்படி, நிலையான கட்டுமிடம் இல்லாத படகு பொதுவாக ஓரிடத்தில் தொடர்ந்து 14 நாள்களுக்கு மேல் தங்கலாகாது. முன்பு படகை இழுத்த குதிரைகள் நடந்த கரைப்பாதையின் ஓரத்தில் இரும்பு முளைகளைச் சம்மட்டியால் அறைந்து, முன்னும் பின்னும் கயிறு கட்டினால் வீடு அமைந்துவிடும். படகின் தளம் நீர்மட்டத்துக்குக் கீழே இருப்பதால், உள்ளே உட்கார்ந்திருப்பவரின் கண்ணுக்கு நேராக அன்னம் நீந்திப் போகும். விடியற்காலையில் எஃகுச் சுவரில் படிந்த பாசியை வாத்துகள் கொத்தும் ஓசை, கதவு தட்டுவது போலவே கேட்கும்.

ஆயினும் ஓய்வு நாளின் ஓய்வு முந்தின நாளே சம்பாதிக்கப்படுகிறது என்பதே உண்மை. தண்ணீர்த் தொட்டியைக் கரையிலுள்ள குழாயில் நிரப்பி, கழிவறையின் அடியிலுள்ள பெட்டியைத் தூக்கிச் சென்று அதற்குரிய இடத்தில் கொட்டிக் கழுவியவருக்கே மறுநாள் தேநீர் இனிக்கும்; படகு வாழ்வைப் புகழும் படங்கள் இந்தப் பெட்டியைக் காட்டுவதேயில்லை. குளிர்காலத்தில் காற்று வழியைக் குறுக்கி இரவெல்லாம் கனன்ற அடுப்பின் சாம்பலைக் காலையில் உதிர்த்துக் கரி போடவேண்டும். மின்கலங்களுக்குக் கூரையிலுள்ள சூரியத் தகடுகள் போதாதபோது இயந்திரத்தை ஓட்டலாம். ஆனால் கட்டிக்கிடக்கும் படகில் இரவு 8 மணி முதல் காலை 8 மணி வரை அதற்கு இடமில்லை.

அமைதியைக் குலைப்பது பெரும்பாலும் கடந்து செல்லும் படகே. உச்ச வேகம் மணிக்கு 4 மைல்தான் என்றாலும், ஒடுங்கிய, ஆழமற்ற கால்வாயில் ஓடும் படகு தன் முன்னுள்ள நீரைத் தள்ளுவதால் அதன் பக்கவாட்டில் நீர்மட்டம் தாழ்கிறது. கட்டிய படகு முதலில் ஒரு புறமும் பின் எதிர்ப்புறமும் இழுபட்டு, ஈர மண்ணிலுள்ள முளை பிடுங்கிக்கொள்வதும் உண்டு. ஆகவே நின்றிருக்கும் படகுகளை நெருங்கும்போது வேகத்தை மிகக் குறைப்பது மரியாதை. மறப்பவரை நோக்கிச் சன்னல்களிலிருந்து எழும் கூச்சல் அவ்வளவு மரியாதையானது அன்று.

யாரும் கூச்சலிடாத படகு ஒன்று உண்டு. கரி மூட்டை, டீசல், எரிவாயு உருளை ஆகியவற்றை ஏற்றி விற்றுவரும் எரிபொருள் படகுகளுள் பல, முன்னாளில் சரக்குச் சுமந்த பழைய படகுகளே. கையசைத்தால் பக்கத்தில் வந்து அணைந்து, மூட்டைகளைக் கூரைமேல் ஏற்றிவிட்டுப் போகும். அதற்கு இன்றும் ஓடினால்தான் பிழைப்பு. ஓடாத நாளில் வரவு இல்லை.