ஊர் திரும்பிய தேவதாரு ஸ்தம்பம்

கானடா தேசத்தின் மேற்குக் கரையோரத்து மழைவனங்களில் வாழும் ஹைஸ்லா, ஹைடா முதலிய ஆதிகுடி மக்கள், நெடிதுயர்ந்த செந்தேவதாரு மரத்தை முழுதாகச் சாய்த்து, வாய்ச்சியாலும் வளைகத்தியாலும் செதுக்கி நிறுத்தும் ஸ்தம்பங்களில், தத்தம் வம்ச விருத்தாந்தத்தையும் உரிமைகளையும் அண்டங்காக்கையாகவும் கரடியாகவும் திமிங்கிலமாகவும் பொறித்து வைத்தார்கள்.

வைசூரியில் தம் மக்களைப் பறிகொடுத்த ஹைஸ்லாத் தலைவர் ஒருவர் 1872-ல் எழுப்பிய, ஏறக்குறைய ஒன்பது மீட்டர் உயரமுள்ள ஸ்தம்பம், 1929-ல் ஊராரின் சம்மதமின்றி வெட்டி எடுக்கப்பட்டு, ஸ்வீடன் தேசத்து ஸ்டாக்ஹோம் பொருட்காட்சிசாலையைச் சேர்ந்தது. இத்தகைய ஸ்தம்பங்களை நாட்டும் வைபவமாகிய பாட்லாட்ச் என்னும் விருந்துச் சடங்கையே 1885 முதல் 1951 வரை கானடாச் சட்டம் தடுத்திருந்தது என்றால், அக்கலை பிழைத்திருப்பதே பெரும் பாக்கியம்.

ஹைஸ்லா மக்களோ, நெடுநாள் வாதாடியதோடு, மூலத்துக்கு ஈடான புதிய ஸ்தம்பமொன்றைத் தாமே செதுக்கி ஸ்வீடனுக்கு அளித்து, 2006-ல் தங்கள் முன்னோரின் ஸ்தம்பத்தை மீட்டனர். கொண்டுபோன தேசத்தையும் வெறுங்கையோடு விடாத அந்த ஔதார்யத்தை என்னவென்று போற்றுவது! அந்நிய தேசத்துக் காட்சிசாலைகளில் இன்னும் நிற்கும் ஏனைய ஸ்தம்பங்களும், உரியவர் கேட்கும்போது, தாமதமின்றித் திருப்பித் தரப்படுவதே நியாயம்.